இடையில் பாடியவர்

அத்தானிடம் ஒரு கசெற் இருந்தது. உறை இல்லாத, சாம்பல் நிறக் கசெற். ஒரு மூலை உடைந்து, அதை யாரோ பசை நாடாவால் ஒட்டியிருந்தார்கள். மேலே நீலப் பேனையால் ஓர் அமெரிக்கக் குழுவின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பாட்டுகளின் பெயரும் இல்லை, பாடியவர்களின் பெயரும் இல்லை. அக்காவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு, ஹேர்னிங் நகரத்துக்கு வந்து சேர்ந்த அன்று, அக்காவின் கணவரான அத்தான் தன் ஒற்றை அறையைச் சுற்றிக் காட்டினார். ஒரு கட்டில், சோற்றுப் பானை, இரண்டு கோப்பை, கசெற் போடுகிற ஒரு ரேடியோ, இந்தக் கசெற். அக்கா அதைப் பக்திப் பாட்டாக்கும் என்று நினைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அத்தான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ வீடு மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் அது பிள்ளையாருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அது கன்ட்றி ரொக் கசெற். அத்தான் வேலை செய்த பின்னலாடைத் தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நின்ற டெனிஷ்காரர் கொடுத்தது. இதில் புதினம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தில் பன்றி வளர்ப்பவரும் லொறி ஓட்டுபவரும் அமெரிக்காவைக் கண்ணாலும் காணாமல் கௌபோய்த் தொப்பி போட்டுக்கொண்டு திரிவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் போய்ச் சேர்ந்ததுதான் புதினம். கன்ட்றி ரொக் என்றால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அத்தான் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நாட்டுக்கூத்துக்காரருக்குக் கரண்ட் குடுத்தால் எப்பிடியிருக்கும், அப்பிடி" என்றார். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அந்தக் குழுவின் வரலாற்றை அத்தான் தன் சொந்தக் குடும்பக் கதையைப் போலச் சொல்லுவார். கலிபோர்னியாவில் ஒரு பியர்க்கடையில் நாலு பேராகத் தொடங்கினார்கள். பாடுபவர் ஒருவர், ஸ்டீல் கிற்றார்காரர் ஒருவர், பேஸ் கிற்றார்காரர் ஒருவர், ட்ரம்ஸ்காரர் ஒருவர். முதல் இசைத்தட்டு கொடிகட்டிப் பறந்தது. உடனே முதற்பாடகருக்குத் தலைக்கனம் வந்து, தனியாகப் பாடப் போய்விட்டார். கொஞ்ச மாதம் குழு தலையில்லாமல் கிடந்தது. பிறகு இரண்டாவது பாடகர் வந்தார், அவரோடு வயலின்காரர் ஒருவரும் வந்தார். ஸ்டீல் கிற்றார்காரர் கோபித்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தார். முதற்பாடகர் திரும்பி வந்தபோது இரண்டாமவர் போக மறுத்தார். அதனால் ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் ஊர் ஊராகப் பாடின. வழக்குப் போட்டார்கள். கடைசியில் பெயர் ட்ரம்ஸ்காரர் பக்கம் வந்தது, ஏனென்றால் அவர் ஒருவர்தான் ஒரு நாளும் விலகாதவர். இதையெல்லாம் அத்தான் மூத்தவர், நடுவிலார், கோவக்காரச் சித்தப்பா என்று முறை வைத்துச் சொல்லுவார். நான் ஒவ்வொரு முறையும் பாதி வழியில் தொலைந்து போவேன். யார் யாரோடு கோபம், எந்தப் பாட்டில் யார் என்று கேட்டால், கலியாண வீட்டில் தூரத்துச் சொந்தத்தைத் தெரியாமல் முழிப்பவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் அந்தக் கசெற்றின் கடைசிப் பாட்டு. இரண்டாம் பக்கத்தில் பாட்டுகள் முடிந்த பிறகு வெறும் இரைச்சல் கேட்கும். முடிந்துவிட்டது என்று நிறுத்தப் போகும்போது இன்னொரு பாட்டு தொடங்கும். அது குழுவின் முதல் இசைத்தட்டில் வந்த பாட்டுத்தான். அங்கே முதற்பாடகர் அதைக் குதிரை ஓட்டம்போல வேகமாகப் பாடுவார். கசெற்றில் அது மெதுவாக வந்தது. குரலும் வேறு. இரண்டாவது பாடகரின் குரலும் இல்லை. பின்னாட்களில் அத்தான் அந்தக் குழுவின் எல்லா இசைத்தட்டுகளையும் தேடிப்பிடித்துக் கேட்டார். அந்தக் குரல் எதிலும் இல்லை. ஆகவே அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். முதலாமவர் போய் இரண்டாமவர் வருவதற்கு இடையில், குழு தலையில்லாமல் கிடந்த அந்தக் கொஞ்ச மாதத்தில், ஒருவர் வந்து பாடியிருக்க வேண்டும். அவர் பாடியது தட்டாக வெளிவரவில்லை. அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அக்காவின் மகன் இங்கே பிறந்தவன். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிறவன். இணையத்தில் எல்லா இடமும் தேடிவிட்டு, "அப்பா, அப்படி ஒரு ஆளே கிடையாது" என்று டெனிஷில் சொன்னான்.

"எழுதாமல் விட்டால் ஆள் இல்லையெண்டு ஆகுமோ?" என்று அத்தான் தமிழில் கேட்டார். மகன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். நான் யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்தேன். ஒரு பாட்டில் என்ன இருக்கிறது, பிடித்தால் கேட்டுவிட்டுப் போவதுதானே என்று எனக்குப் பட்டது. அப்போது எனக்கு அத்தானின் நேர்த்திக்கடன் விஷயம் தெரியாது.

அதை அக்கா சொன்னாள், பல வருடம் கழித்து. நாங்கள் வருவதற்கு முதல் அத்தான் இங்கே தனியாகக் கழித்த முதலாவது குளிர்காலத்தில், அவருக்கு உயிரோடு இருக்க விருப்பம் இல்லாமல் போயிருந்தது. ஊரில் சண்டை. கடிதம் வருவதில்லை. தன் தாயும் என் அக்காவும் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. டெனிஷும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. பகலில் மெசின் சத்தத்தில் நேரம் போய்விடும். அறைக்கு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எப்படிச் சாவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாராம். அந்த நாட்களில்தான் பக்கத்து மெசின்காரர் அந்தக் கசெற்றைக் கையில் வைத்துவிட்டுப் போனார். கடைசிப் பாட்டின் ஒரு சொல்லும் அத்தானுக்கு விளங்கவில்லை. ஆனால் பாடுகிறவனுக்கும் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது மட்டும் விளங்கியதாம். அந்தப் பாட்டுக்காகவே அவர் கசெற் முழுவதையும் ஓடவிட்டுக் காத்திருப்பார். அது முடிந்ததும் நாளைக்கும் கேட்கலாம் என்று படுத்துவிடுவார். இப்படியே குளிர்காலம் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு உயிர் தப்பினால் நேர்த்தி வைக்காமல் இருக்கத் தெரியாது. அத்தானும் வைத்தார். இந்தக் குரலுக்குரிய மனிதரை ஒரு நாள் நேரில் கண்டு பொன்னாடை போர்த்த வேண்டும். பிள்ளையாருக்குப் பக்கத்திலிருந்து அந்தக் கசெற்றை அவர் ஏன் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு அவரைப் பகிடி பண்ண முடியாமல் போனது எனக்குக் கவலைதான்.

போன வருடம் அந்தக் குழு ஹோர்சன்ஸுக்கு வருகிறது என்று அறிவித்தார்கள். கடைசிச் சுற்றுப்பயணமாம். நான் ஹோர்சன்ஸில்தான் ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் பக்கத்து மேசைக்காரி அந்த மண்டபத்தில் சம்பளமில்லாமல் உதவி செய்கிறவள், இந்த நாட்டில் அது பெரிய பழக்கம். அவளைப் பிடித்து, நிகழ்ச்சிக்கு முன் பத்து நிமிடம் உள்ளே போக வழி செய்தேன். அத்தானுக்கு அப்போது நெஞ்சில் சத்திரசிகிச்சை செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் கோட்டும் சூட்டும் போட்டு, திருநீற்றை மெல்லிதாகப் பூசி, சரிகைக் கரை போட்ட பொன்னாடையைப் பையில் வைத்துக்கொண்டு ஹேர்னிங்கிலிருந்து வந்து இறங்கினார். போகும் வழியெல்லாம் என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "இடையிலை பாடினவர் ஆர் எண்டு கேள், பிள்ளை. இருக்கிறாரோ இல்லையோ எண்டும் கேள். இல்லாட்டி அவற்றை பிள்ளையளுக்காவது போத்துவம்."

உள்ளே எங்களுக்குக் கிடைத்தது ட்ரம்ஸ்காரர். நரைத்த சடை வைத்த, மெலிந்த கிழவர். செருப்போடு இருந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். மகன் கைத்தொலைபேசியில் ஏற்றித் தந்திருந்த அந்தக் கடைசிப் பாட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருடைய விரல்கள் தொடையில் தாளம் போட்டன. கொஞ்ச நேரத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"இது எங்கள் பாட்டு. ஆனால் இது நாங்கள் இல்லை" என்றார்.

குரலை வைத்து அவர் சொல்லவில்லை. குரல்களை எல்லாம் தான் மறந்துவிட்டதாகச் சொன்னார். ட்ரம்ஸ் தான் அடித்தது இல்லை என்றார். "இந்த மனிதர் ஒவ்வொரு வரி முடிந்ததும் அனுமதி கேட்டுவிட்டு அடிப்பதுபோல அடிக்கிறார். நான் என் வாழ்க்கையில் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை." முதற்பாடகர் போன பிறகு அந்தக் கொஞ்ச மாதம் யார் பாடினார் என்று கேட்டேன். ஒருவரும் பாடவில்லை, குழுவே இருக்கவில்லை, அந்த மாதங்களில் தான் மாமனாரின் கடையில் சுவருக்குப் பூசும் வர்ணம் விற்றுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு, பாடியது யாராக இருந்தாலும் நன்றாகப் பாடியிருக்கிறார், கசெற் தந்தவரிடம் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார்.

நான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவர் பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். பிறகு, கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ட்ரம்ஸ்காரருக்கே அதைப் போர்த்திக் கும்பிட்டார். அந்த மனிதர் நெகிழ்ந்து போய் அதோடேயே மேடைக்குப் போனார். டெனிஷ்காரர்கள் அதுவும் ஒரு கௌபோய்ச் சால்வை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மேடையில் அவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் புதியவர்கள். ஸ்டீல் கிற்றார் வாசித்த பெடியனுக்கு அக்காவின் மகனின் வயதுதான் இருக்கும். அந்தப் பாட்டையும் பாடினார்கள், குதிரை ஓட்டத்தில். ஆட்கள் எல்லாம் மாறிய பிறகும் அது அதே குழுவா? இடையில் பாடியவர் என்று ஒருவர் இல்லையென்றால், அத்தானைக் காப்பாற்றியது யார்? கூட்டம் எழும்பி நின்று ஆடியபோது நாங்கள் இருவர் மட்டும் இருந்துகொண்டிருந்தோம்.

காரில் அத்தான் கேட்டார். "அப்ப நான் ஆருக்கு நேர்த்தி வைச்சனான்?"

வீட்டில் அக்காதான் கேட்டாள், தந்த மனுசனிடம் ஏன் இவ்வளவு காலமும் ஒரு சொல்லுக் கேட்கவில்லை என்று. அமெரிக்கப் பெயர் எழுதிய கசெற்றில் அமெரிக்கர்தானே பாடுவார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்றார் அத்தான். பக்கத்து மெசின்காரரும் அத்தானும் பன்னிரண்டு வருடமோ பதின்மூன்று வருடமோ அருகருகே நின்று வேலை செய்தவர்கள். அந்தத் தொழிற்சாலை மூடியபோது பிரிந்தவர்கள். மெசின்காரர் தன் மகளின் ஊரான ரண்டர்ஸுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வருடமும் டிசம்பரில் நத்தாருக்கு அவரிடமிருந்து ஒரு வாழ்த்து மட்டை வரும், பெயரும் முகவரியும் மட்டும் எழுதி. அந்த முகவரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானை நான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அக்கா கடலை வடை சுட்டு ஈயத்தாளில் சுற்றித் தந்தாள்.

கதவைத் திறந்தவர் நெடிய மனிதர். முதுகு வளைந்திருந்தது. அத்தானை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஆனால் கட்டிப்பிடிக்கவில்லை, கை கொடுத்தார். உள்ளே கோப்பி ஊற்றி வைத்தார். பொதியைப் பிரித்ததும் வடை மணத்துக்கு முகத்தை நிமிர்த்தி, "இன்றைக்கு வெள்ளிக்கிழமையா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. அத்தான் கூச்சத்தோடு சிரித்தார். அக்கா இங்கே வந்து சேர்ந்த நாள் தொடக்கம், தொழிற்சாலை மூடும்வரை, வெள்ளிக்கிழமை தோறும் இவருக்கு வடை கொண்டுபோய்க் கொடுப்பாராம். வெள்ளி எங்கள் வீட்டில் மரக்கறி நாள். அக்கா எப்படியும் வடை சுடுவாள். அதில் ஒரு பங்கு தொழிற்சாலைக்குப் போவது எனக்குத் தெரியும். எதற்காகப் போகிறது என்று நான் யோசித்ததில்லை.

அத்தான் பாட்டைப் போட்டுக் காட்டினார். கிழவர் இரண்டு வரிகூடக் கேட்கவில்லை. கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"கசெற்றின் கடைசியில் இடம் மிச்சம் இருந்தது" என்றார், ஏதோ களவில் பிடிபட்டவரைப் போல.

அவரும் தொழிற்சாலையில் வேறு மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்களாம். அந்த அமெரிக்கக் குழுவின் பாட்டுகள்தான். ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டிலில் பழகுவார்கள். ட்ரம்ஸ் அடித்தவர் சாயம் போடும் பகுதியில் வேலை செய்தவர், சரியான வெட்கக்காரர். யாரோ ஒருவரின் கலியாண வெள்ளிவிழா விருந்தில் ஒரே ஒரு தடவை பாடினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கதைப்பதை நிறுத்தவில்லை. இப்போது மற்ற மூவரும் உயிரோடு இல்லை. அத்தான் டெனிஷில் கேட்டார், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று.

கிழவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார். தன் பாட்டைத் தானே நல்லது என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்களிடம் கொடுத்தால் கேலி பண்ணுவார்கள். "நீ புது ஆள். உனக்கு என்னையும் தெரியாது, எங்கள் குழுவையும் தெரியாது. நல்லது என்றால் நல்லது என்று சொல்வாய் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் பாடவில்லை."

இப்படிச் சொல்லிவிட்டு ஒரு வடையை எடுத்துக் கடித்தார். கோபமாகச் சொல்லவில்லை. நடந்த ஒன்றைச் சொன்னார், அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து மெசினில் இரண்டு பேர் பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக நின்றிருக்கிறார்கள். ஒருவர் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மற்றவர் அந்தச் சொல் அமெரிக்காவுக்குப் போகவேண்டியது என்று நினைத்து நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

அத்தான் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் பழகிய டெனிஷ் அந்த நேரத்தில் அவருக்கு வாயில் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "நான் வடை குடுத்தனான் எல்லே? ஒரு வெள்ளியும் விடாமல் குடுத்தனான். சொல்லு பிள்ளை, இவருக்குச் சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். எங்கள் ஆட்கள் நன்றி என்ற சொல்லை நெருங்கியவர்களிடம் பாவிப்பதில்லை, அது அந்நியருக்கு, நெருங்கியவர்களுக்குச் சாப்பாடு கொடுப்போம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த நாட்டில் சாப்பாட்டுக்கும் நன்றி, போனமுறை சந்தித்ததற்கும் நன்றி, எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்து நன்றி சொல்வார்கள்.

"அது உங்கள் சமயம் என்று நினைத்தேன்" என்றார். "வெள்ளிக்கிழமை என்றபடியால்."

"பாட்டுக்குத்தான் வடை எண்டு சொல்லு" என்றார் அத்தான்.

அது முழு உண்மை இல்லை. வடை கசெற் தந்ததற்கு, நேர்த்திதான் பாட்டுக்கு. ஆனால் இரண்டையும் பிரித்து வைத்த தவறுதானே இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது என்று பட, நான் அவர் சொன்னபடியே சொன்னேன்.

கிழவர் வடையைத் தட்டில் வைத்தார். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையைப் போல, குரலைத் தாழ்த்தி, என்னை விட்டுவிட்டு அத்தானிடமே கேட்டார். "அப்படியென்றால் உனக்குப் பிடித்திருந்ததா?"

அத்தான் இந்த முறை என் பக்கம் திரும்பவில்லை. டெனிஷிலேயே சொன்னார்.

"நான் உயிரோடு இருக்கிறேனே."

கிழவர் எழும்பினார். கோப்பிக் கேத்தலை எடுத்து, நிறைந்திருந்த எங்கள் கோப்பைகளுக்கு மேலேயே ஊற்றத் தொடங்கினார். கோப்பி தட்டில் வழிந்து மேசை விரிப்பில் பரவியது. நாங்கள் இருவரும் அவரைத் தடுக்கவில்லை.